ஓட்டை இல்லாத காசு

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர் இந்த வாரத்திலேயே ஒரு கைக்குழந்தைக்குப் படம் எடுப்பீர்கள். குழந்தை அழும். தாய் அதைவிட அதிகமாகப் பயந்து போயிருப்பாள். வெளியே வரிசை நிற்கும். அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள், என்ன கேட்காமல் விடுகிறீர்கள் என்பதைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். மெஷினைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. நான் ஒன்பதாவது வரை படித்தவன். கண் பார்வை குறைந்ததால் ஐம்பத்திரண்டு வயதிலேயே வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். உங்கள் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெரு வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி நடத்தினார்கள். இப்போது அது இல்லை. அந்தக் கட்டடத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மெட்ராஸில் யாரோ கழித்துவிட்ட ஒரு எக்ஸ்ரே மெஷினை வாங்கி வந்து பின்பக்க அறையில் வைத்தார்கள். அதை இயக்க ஆள் தேடியபோது, கடைத்தெரு போட்டோ ஸ்டூடியோவில் பிலிம் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். மெட்ராஸில் இரண்டு மாதம் பழகிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

ஸ்டூடியோவில் ஆட்களை உட்கார வைத்துப் படம் எடுப்பது முதலாளி. இருட்டறையில் கழுவுவது நான். யார் முகத்தையும் நேரே பார்க்க வேண்டியதில்லை. தட்டில், தண்ணீருக்குள் பார்த்தால் போதும். எக்ஸ்ரே வேலையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வந்துவிட்டேன். இங்கே ஒவ்வொருவரிடமும் சட்டையைக் கழற்று, மூச்சை அடக்கு, குழந்தையை இறுக்கிப் பிடி என்று வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆண்களிடம் எப்படியோ சொல்லிவிடுவேன். பெண்கள் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வேன்.

அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வாய் ஜாஸ்தி. "இன்னாப்பா, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி தலயத் தொங்கப் போட்டுக்கினு நிக்கற? அவங்க உன்னக் கட்டிக்கச் சொல்லி வரல. படம் எடுக்க வந்துக்கறாங்க. வாயத் தொறந்து சொல்லு" என்பார். வரிசையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் மெஷினுக்குப் பின்னால் போய்விடுவேன்.

எங்கள் பக்கத்துக் குழந்தைகள் கழுத்தில் கறுப்புக் கயிறு இல்லாமல் இருக்காது. சிலதில் குழாய்த் தாயத்து தொங்கும். பெரும்பாலும் ஓட்டைக் காலணா இருக்கும். வெள்ளைக்காரன் போகிற காலத்தில் வந்த செப்புக் காசு அது, நடுவில் பெரிய ஓட்டை. செல்லாமல் போனபின், கயிற்றில் கோக்க வசதியாக இருந்ததால் குழந்தைகள் கழுத்துக்கு வந்துவிட்டது. அம்மன் கோயிலில் மந்திரித்துக் கட்டுவார்கள். அதையும் தாயத்து என்றே சொல்வார்கள். கட்டியதை வீட்டில் கழற்றக்கூடாது. குழந்தை பால் மறந்தபின் கோயிலிலேயே கொண்டுபோய்த்தான் கழற்ற வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் மண்டகப்பட்டிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். இருமல். படத்தில் நெஞ்சுக்கு நடுவே விரல்கணு நீளத்துக்கு ஒரு நிழல். எங்கள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, பையன் எதையோ விழுங்கியிருக்கிறான் என்று பதறிப்போய் ஒரு காரைப் பிடித்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே சட்டையைத் தூக்கிப் பார்த்து, கழுத்தில் தொங்கிய தாயத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைத்தெரு முழுக்க ஒரு வாரம் இதே பேச்சு. டாக்டர் வெளியூர்க்காரர், கெட்டிக்காரர், அவமானத்தைத் தாங்காதவர். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, அந்தப் பையன் கழுத்துல தாயத்து இருந்துதா?"

"இருந்துது சார்."

"கழட்டச் சொல்றதுக்கு என்ன?"

"கழட்டமாட்டாங்க சார்."

"கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை.

"சரி விடு. இனிமே தாயத்தோட எடுத்தா படத்து ஓரத்துல எழுதிடு. நான் தெரிஞ்சிக்கறேன்."

அன்றிலிருந்து ஈரப் படத்தின் மூலையில் ஊசியால் 'தா' என்று கீறிக் கொடுக்க ஆரம்பித்தேன். எனக்கு இது பெரிய நிம்மதி. எந்தத் தாயோடும் பேசி மன்றாட வேண்டியதில்லை. டாக்டருக்கும் நிம்மதி. 'தா' என்று இருந்தால் அந்த நிழலை விட்டுவிட்டு நுரையீரலைப் பார்ப்பார். ஆஸ்பத்திரி கமிட்டிக்காரர் ஒருவர்கூட, நம்ம எக்ஸ்ரே பையன் கெட்டிக்காரத்தனமா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான் என்று சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் கூச்சத்துக்கு நான் கண்டுபிடித்த வழி அது. அது ஆஸ்பத்திரியின் ஒழுங்காகவே ஆகிவிட்டது. உங்கள் அறையிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். யார் எதைச் செய்யாமல் இருப்பதற்காக அது வந்தது என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

அஞ்சலை வந்தது ஒரு கோடைக்காலத்துக் காலை. தளவானூரிலிருந்து வந்திருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். இடுப்பில் பதினோரு மாதப் பெண் குழந்தை. பச்சையம்மா என்று பெயர். வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது குழந்தையின் கழுத்தில் கயிற்றையும் ஓட்டைக் காலணாவையும் பார்த்தேன். குழந்தை அதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. வாய் ஓரத்தில் ஓயாமல் எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

டாக்டரிடம் அவள் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. "பாலு குடிக்குது சார். கஞ்சித் தண்ணி குடிக்குது. சோறு ஒரு வாய் குடுத்தா ஓங்கரிச்சித் துப்புது. ஓயாம இருமுது. எளச்சிப் போச்சி."

அந்தக் காலத்தில் எங்களிடம் வருகிற குழந்தைகளில் இளைப்பும் இருமலும் இருந்தால் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வருகிற காசநோய் என்றுதான் முதலில் நினைப்போம். பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். டாக்டர் நெஞ்சுப் படத்துக்கு எழுதினார்.

உள்ளே வருகிற வழியில் நர்ஸம்மா அவளிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

குழந்தைக்குச் சட்டை போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்காகப் போட்ட புதுச் சட்டை. பொத்தான் கிடையாது, கழுத்தில் நாடா வைத்து முடிந்திருந்தது. துணி படத்தில் விழாது. கயிறும் காசும் உள்ளே கிடக்கும், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். "கையத் தூக்கிப் புடிச்சிக்கோம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவள் ஒரு கையால் குழந்தையின் இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை மூடியே வைத்திருந்தாள். இரண்டு கையாலும் பிடித்தால் குழந்தை அசையாது. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏன் மூடி வைத்திருக்கிறாளோ, பயமோ, கையில் ஏதாவது புண்ணோ, ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. காலை பத்து மணிக்கு மேல் சுற்றுவட்டாரத்தில் பம்புசெட்டுகள் ஓட ஆரம்பித்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் கரண்ட் இறங்கிவிடும். படம் வெளுத்துப் போகும். அதை ஈடுகட்ட நேரத்தைக் கூட்ட வேண்டும். நேரத்தைக் கூட்டினால் குழந்தை அசைந்துவிடும். பச்சையம்மாவும் அசைந்துவிட்டாள்.

கழுவி எடுத்தபோது படம் கலங்கலாக இருந்தது. தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் கீழே, நெஞ்சு தொடங்கும் இடத்தில், ஒரு வெள்ளை வட்டம். ஊசியை எடுத்து 'தா' என்று கீறினேன். கை தானாகச் செய்தது.

டாக்டர் ஈரப் படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஆட்டிடுச்சா?"

"ஆமாம் சார்."

"வலது பக்கம் கொஞ்சம் அடைசலா இருக்கு. சரியாத் தெரியல. இது தாயத்துதான?"

"ஆமாம் சார். காசு. கழுத்துல பாத்தேன்."

"இன்னொண்ணு எடுக்கலாமா?"

பிலிம் கிடைப்பது அப்போது கஷ்டம். குழந்தைக்கு ஒரு படம் என்று கமிட்டி சொல்லி வைத்திருந்தது. ஆனாலும் டாக்டர் கேட்டால் எடுக்கலாம். வெளியே இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள். கரண்ட் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு படம் என்றால் அந்தப் பெண்ணிடம் கையை விரிக்கச் சொல்ல வேண்டும்.

"போதும் சார், நெஞ்சு தெரியுது" என்றேன்.

பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று எழுதி ஊசி போட ஆரம்பித்தார்கள். தினம் ஒரு ஊசி. அஞ்சலை தினமும் வந்தாள். பாதித் தூரம் நடை, பாதி பஸ். குழந்தையின் கழுத்தில் காலணா ஆடிக்கொண்டிருக்கும். நான் அதைத் தினமும் பார்த்தேன். தினமும் பார்த்ததால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"எப்பிடி இருக்குது?" என்று நர்ஸம்மா கேட்பார்.

"தேவலாம் போல இருக்குதும்மா. நேத்து சிரிச்சிது" என்பாள் அஞ்சலை. மூன்றாவது வாரம் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

நாலாவது வாரம் காய்ச்சல் கண்டது. மூச்சு வாங்கியது. வாந்தியில் ரத்தம் கலந்து வந்தது என்று சொல்லி ஒருநாள் விடிந்ததும் ஓடிவந்தாள். உடன் அவள் கணவர் ஏழுமலையும் வந்திருந்தார். டாக்டர் உடனே இன்னொரு படம் எடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு நான் கேட்டேன். பயத்தில் கேட்டேன். "கயிறக் கழட்டிடும்மா" என்றேன்.

அவள் குழந்தையின் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "வேணாம் சார். அதும் நைனா கொன்னுடுவாரு. வெளிய நிக்கறாரு."

நான் வற்புறுத்தவில்லை. அவ்வளவு காலையில் பம்புசெட்டு ஓடாது, கரண்ட் நன்றாக இருந்தது. குழந்தைக்கு அசையத் தெம்பில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படங்களில் ஒன்று அது.

இருட்டறையில் தட்டிலிருந்து தூக்கிச் சிவப்பு விளக்குக்கு நேராகப் பிடித்தேன். இரண்டு வட்டங்கள் தெரிந்தன. ஒன்றின் நடுவில் ஓட்டை இருந்தது. அதற்குக் கீழே இருந்ததில் ஓட்டை இல்லை.

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு மாதத்துக்கு முந்தைய படத்தை எடுத்தேன். வட்டம் ஒன்றுதான். கலங்கலாக இருந்தாலும் தெரிந்தது. நடுவில் ஓட்டை இல்லை. மூலையில் என் கையெழுத்து.

அந்தப் பழைய படத்தை டாக்டரிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, கொஞ்ச நேரம் அப்படித்தான் யோசித்தேன். குழந்தை நேற்றோ முந்தாநாளோ காசை விழுங்கிவிட்டது என்று ஆகிவிடும். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எப்போதிலிருந்து உள்ளே இருக்கிறது என்று பாண்டிச்சேரியில் கேட்பார்கள். பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

முதலில் அஞ்சலையிடம் போனேன். "போன தடவ படம் எடுக்கறப்ப, கழுத்துல இருந்த காசு எங்கம்மா இருந்துது?"

"கையில இருந்துது சார். நர்ஸம்மாதான் கழட்டுன்னாங்க. கழட்டக்கூடாதுன்னு தெரியும். பெரியவங்க சொல்றாங்களேன்னு கழட்டி, கீழ வெச்சா தோஷம்னு உள்ளங்கையிலயே வச்சிக்கினு இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்பறம்தான் சார் இதுக்கு ரொம்ப முடியாமப் போச்சி."

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உணவுக்குழல்ல மாட்டியிருக்கு. நாலணாவா இருக்கும்" என்றார். "சோறு எறங்கலன்னு அவ அன்னிக்கே சொன்னா. தா-ன்னு பாத்ததும் நான் அங்க பாக்கவே இல்ல." படங்களைக் கீழே வைத்துவிட்டு, "நானும்தான் பாக்கல" என்றார்.

ஒரு மணி நேரத்தில் கார் பிடித்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினோம். காசை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு மாதமாக அது அரித்து உள்ளே புண்ணாகி, சீழ் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் பச்சையம்மா இறந்துபோனாள்.

செய்தி வந்த அன்று டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அவங்ககிட்ட எதுவும் போய்ச் சொல்லிக்கிட்டிருக்காத. காசு விழுங்கிடுச்சு, லேட்டாத் தெரிஞ்சுது. அவ்வளவுதான். நீ போய் உன் மனசு ஆறுறதுக்காக எதையாவது சொன்னேன்னா, நாளைக்கு இந்தச் சுத்துப்பட்டுல ஒருத்தரும் குழந்தையத் தூக்கிட்டு இந்தப் படியேற மாட்டாங்க. பூசாரிகிட்ட போவாங்க. எது மேல்? நீயே சொல்லு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை ஏற்றுக்கொள்வது எனக்குச் சுலபமாகவும் இருந்தது. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமான வேலை.

மறுநாளிலிருந்து கயிறு கழற்றாமல் யாருக்கும் நான் படம் எடுக்கவில்லை. குரல் நடுங்க நடுங்கக் கேட்டேன். சிலர் திட்டினார்கள். பாதிப் பேர் கழற்றிக் கொடுத்தார்கள். கழற்றாதவர்களைக் காசைக் கன்னத்துக்கு மேலே தூக்கிப் படத்துக்கு வெளியே பிடிக்கச் சொன்னேன். முன்பே கேட்டிருந்தால் முன்பே செய்திருப்பார்கள். கழற்றமாட்டார்கள் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். அஞ்சலை கழற்றியிருந்தாள். நான்தான் அவளைப் பார்க்கவில்லை. உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். படத்தில் ஒரு நிழலுக்குப் பெயர் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பொருளை எழுந்துபோய்க் கண்ணால் பாருங்கள். கூச்சமாக இருந்தாலும் பாருங்கள். வரிசை நிற்கட்டும்.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தளவானூர்க்காரர் ஒருவர் கைமுறிவுக்குப் படம் எடுக்க வந்தார். நர்ஸம்மா சும்மா இருக்கமாட்டாமல் அஞ்சலையைப் பற்றி விசாரித்தார்.

"அதுவா? அது யார்கிட்டயும் பேசறதில்லம்மா. புள்ள கயிறக் கழட்டினதும் காசு உள்ள பூந்துடுச்சின்னு ஊரே சொல்லுது. அம்மன் கட்டினத இவ கழட்டினா, அம்மன் உட்டுடுச்சி. ஏழுமலகூட அதத்தான் சொல்றான். ஏதாவது நல்லது கெட்டதுன்னா அவள முன்னால வர வேணாம்னு ஒதுக்கி வெச்சிக்கறாங்க."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். கழட்டச் சொன்னது அவர்தான். அன்று முழுவதும் அவர் யாரையும் கேலி செய்யவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு தளவானூருக்குப் பஸ் ஏறினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். ஊருக்கு வெளியே ஒரு கடலைக் கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் செடியை உலுக்கிக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அஞ்சலை அவர்களோடு உட்காராமல் வரப்போரமாகத் தனியாக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏழுமலை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று தெரியும். படத்தைப் பிரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன்.

"இது நீ மொத நாள் வந்தப்ப எடுத்த படம்மா. இந்த வட்டம்தான் காசு. அன்னிக்கே உள்ள இருந்துது. நீ கயிறக் கழட்டறதுக்கு முன்னாலயே இருந்துது. அதனாலதான் சோறு எறங்கல. நான்தான் அதக் கழுத்துக் காசுன்னு நெனச்சித் தப்பா எழுதிக் குடுத்துட்டேன். டாக்டர் நான் எழுதினத நம்பிட்டாரு. தப்பு என்னுது. உன்னுது ஒண்ணும் இல்ல."

என் வாழ்க்கையில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து நான் இவ்வளவு பேசியதில்லை.

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வட்டத்தைப் பார்க்கவில்லை. விலா எலும்புகளை, தலைக்கு மேல் தூக்கிய இரண்டு சின்னக் கைகளை, அந்தக் கைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த தன் விரல்களின் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எம்பொண்ணா சார்?"

"ஆமாம்மா."

"இது?"

"அது உன் கை."

அவள் விரலால் தொட்டாள். ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "அந்த சாரு இன்னாடி சொல்றாரு?" என்று கேட்டாள். வேறொருத்தி, "அஞ்சல மேல தப்பில்லன்னு சொல்றாரு" என்றாள். "அவருக்கின்னா, படிச்சவரு, அப்பிடித்தான் சொல்வாரு" என்றாள் முதல் பெண்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "நீங்க நல்லவரு சார். ஊசிக்கு வர்றப்பல்லாம் பாத்துருக்கறேன், அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டீங்க. எனக்கோசரம் இவ்ளோ தூரம் வந்து பழிய உங்க மேல போட்டுக்கறீங்க."

"இல்லம்மா, நெஜமாவே…"

"நான் கழட்டினேன் சார். எங்கையில இருந்துது. எனக்குத் தெரியாதா?"

எவ்வளவு சொல்லியும் அவளிடம் எடுபடவில்லை. நான் தாழ்ந்த குரலில் பேசப் பேச, அவள் அதை இரக்கம் என்றே எடுத்துக்கொண்டாள். கடைசியில், "இத எங்கிட்டயே குடுத்துடுங்க சார். எங்களாண்ட அவ போட்டோ ஒண்ணுகூட இல்ல" என்றாள். ஆஸ்பத்திரியின் படத்தைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தேன். முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் செடியை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

ஏழுமலை என்னுடன் பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். புளியமரத்தடியில் நின்றபோது கேட்டார்.

"அவ நம்பல சார். நான் கேக்கறேன். நெஜமாவே அன்னிக்கே உள்ள இருந்துதா?"

"இருந்துது."

"கயிறக் கழட்டறதுக்கு முன்னாலயே?"

"முன்னாலயே."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரில கயிறக் கழட்டிக் கட்டினேன்னு அவளே சொன்னா சார். சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவே தெரியாது. அடிச்சேன். புள்ள செத்த பொறவும் அடிச்சேன். போன வாரம்கூட அடிச்சேன்." என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒருவாட்டிகூட அவ ஏன் அடிக்கறன்னு கேக்கல. இப்ப நான் போயி அவகிட்ட இன்னான்னு சொல்றது?"

செஞ்சி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அஞ்சலை இருந்த கொல்லைப் பக்கம் திரும்பாமல், பஸ் கிளம்பிய பிறகும் அதே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.